நோட்டீஸ் அக்கா சர்வர் மாற்றிய வாரம்

அந்த நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு யாருக்கும் கை வராது. எடுத்தாலும் முதல் கேள்வி, "ஐயோ, யாருங்க போயிட்டாங்க?" என்பதுதான். யாரும் போகவில்லை, போன வாரம் கொடுத்த போட்டோ மங்கலாக இருக்கிறது, வேறொன்று இருந்தால் அனுப்புங்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி உயிர் போய்த் திரும்பியிருக்கும். மரண அறிவிப்புகளை வெப்சைட்டில் போடுவது அவள் தொழில். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது.

வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்து மூன்று வருடம் ஓர் அச்சகத்தில் டைப் அடித்தாள். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு, இழவுச் செய்தி எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். கணவர் என்று ஒருவர் இருந்தார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. யாராவது அக்கறையாக விசாரித்தால், "உசிரோடதான் இருப்பாரு. செத்திருந்தா எனக்குத்தானே முதல்ல தெரிஞ்சிருக்கும்" என்பாள். கேட்டவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. அவள் சிரித்துவிடுவாள்.

அச்சக முதலாளி ஒரு காலையில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அவருடைய சாவுக்கு நோட்டீஸ் அடிக்க அச்சகத்தில் ஆளில்லை, அச்சகமே அவரோடு மூடிவிட்டது. பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒருவனை நச்சரித்து, இணையத்தில் ஒரு பக்கம் போட வைத்தாள். ஒரு போட்டோ, பிறந்த நாள், இறந்த நாள், எங்கே எத்தனை மணிக்கு என்று நாலு வரி. இரண்டு நாளில் எண்ணூறு பேர் பார்த்தார்கள். கண்காணாத தேசத்திலிருந்த அவருடைய தம்பி, "இதுவும் இல்லாமல் இருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது" என்று எழுதினார். அதைப் படித்த அன்றே, இனி இதுதான் பிழைப்பு என்று முடிவு செய்துவிட்டாள். அச்சகத்தின் காகித அறையையே வாடகைக்குப் பிடித்தாள். மை வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. விற்காமல் கிடந்த பத்திரிகை அட்டைக் கட்டுகள் இரண்டை அடுக்கி, மேலே துணி விரித்து, வருகிறவர்களுக்கு ஆசனம் செய்தாள்.

அந்த ரிப்பேர்க்காரனுக்கு ஒயர் என்று பெயர். ஆளும் அப்படித்தான் இருப்பான். வெப்சைட்டுக்கு ஹோஸ்டிங் எடுக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சைட்டும் எங்கயாவது குடியிருக்கணும்ல அக்கா. ஷேர்டுன்னு ஒண்ணு இருக்கு. அது லாட்ஜுல ஒரு கட்டில் மாதிரி. நாப்பது பேருக்கு ஒரே குழாய். வாடகை கம்மி, ஆனா பக்கத்துக் கட்டில்காரன் ரெண்டு மணி நேரம் குளிச்சா நமக்குத் தண்ணி கிடையாது. வி.பி.எஸ்.னா அதே கட்டடத்துல தனி போர்ஷன், நமக்குன்னு ஒரு தொட்டி. டெடிகேட்டட்னா தனி வீடு, ஒட்டடை அடிக்கிறதுலேர்ந்து எல்லாம் நம்ம தலையில. கிளவுடுன்னா பெரிய மண்டபம். கூட்டம் வந்தா இன்னும் ரெண்டு ஹாலைத் திறந்து விடுவாங்க, போனதும் மூடிடுவாங்க."

"நம்ம ஆளுங்களுக்குக் கட்டிலே போதும்டா" என்றாள் அக்கா. "எல்லாரும் படுத்தவங்கதானே."

ஷேர்டு எடுத்தார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நோட்டீஸை நாளைக்கு முப்பது பேர், நாற்பது பேர் பார்த்தால் அதிகம். அதற்கு மண்டபம் பிடிப்பவனைத்தான் பைத்தியம் என்பேன். பத்து வருடம் அந்தக் கட்டில் ஆடாமல் அசையாமல் அவளைத் தாங்கியது.

நாலு வருடத்துக்கு முன் நேரலை வந்தது. தூரத்தில் இருப்பவர்கள் கடைசிச் சடங்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா ஒரு நல்ல போனும் மூன்று கால் ஸ்டாண்டும் வாங்கினாள். படம் வேறொரு கம்பெனி வழியாக ஓடும். மின்மயானத்துக்குப் போனதும் அந்தப் படத்தின் லிங்கை எடுத்துத் தன் வெப்சைட்டில் இறந்தவருடைய பக்கத்தில் ஒட்டுவாள், அவ்வளவுதான். ஒட்டும்வரை அந்த இடத்தில், "நேரலை இங்கே தொடங்கும், காத்திருக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். கீழே இரங்கல் செய்தி எழுத ஒரு பெட்டி. படத்தை மட்டும் அவள் சேமித்து வைக்க மாட்டாள். "முகம் பாக்க வந்தவங்க அப்பவே பாத்துட்டுப் போகட்டும். நிறுத்தி நிறுத்திப் பாக்க அது என்ன சினிமாவா?" என்பாள். அந்த விதியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலையில் தூர தேசத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டான். அங்கே லாரி ஓட்டுகிறான். இங்கே ஆஸ்பத்திரியில் அவன் அம்மா முந்தின நாள் இறந்துவிட்டார். ஒரே பிள்ளை. பதினொரு வருடமாக ஊர் வரவில்லை. குடியிருப்புக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

"அக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்க்கா. கடைசியா ஒரு தடவை அம்மா முகத்தைப் பாக்கணும். அவ்வளவுதான்."

"நான் காட்டறேன் தம்பி. நீ மனசைத் தேத்திக்கோ" என்றாள்.

"பக்கத்து வீட்டம்மாதான் இத்தனை நாளும் பாத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு மூட்டு வலி, மாடி இறங்க முடியாது. பட்டன் போன்தான் வெச்சிருக்காங்க. அங்க யாரும் வர மாட்டாங்கக்கா."

"நான் இருப்பேன்ல" என்றாள் அக்கா. வியாழன் காலை பத்தரை மணிக்கு மின்மயானத்தில் இருபது நிமிடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே கொண்டுவருவதாக ஏற்பாடு.

செவ்வாய் மதியம் பெரிய பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் காலமானார். முப்பத்தாறு வருடம் விசில் ஊதியவர். அவரிடம் உதை வாங்காதவன் அந்த வட்டாரத்தில் ஆம்பளையே இல்லை என்பார்கள். அடக்கம் வியாழன் பிற்பகல். அக்கா அவர் பக்கத்தைப் போட்ட ஒரு மணி நேரத்தில், உதை வாங்கியவர்கள் அத்தனை பேரும் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்து விழுந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வெப்சைட் படுத்துவிட்டது. வெள்ளைத் திரையில், அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று ஒரே ஒரு வரி. மாஸ்டர் பக்கம் மட்டுமல்ல, எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

உடனே லாரிக்காரனிடமிருந்து போன். "அக்கா, அம்மா பக்கம் வர மாட்டேங்குது. வியாழக்கிழமையும் இப்படி ஆயிடுமா?"

"ஆகாதுப்பா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையோடு ஒயரைக் கூப்பிட்டாள்.

புதன் காலை ஒயர் வந்து அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தான். "நம்ம சைட்டைத் தொட வேணாம்க்கா. மாஸ்டருக்கு மட்டும் வேற பேர்ல ஒரு சைட்டு போட்டு அதை கிளவுட்ல விட்டுடலாம். கூட்டம் அங்க போயிடும், இங்க அமைதியாயிடும்."

"என் சைட்டுக்கு வந்த கூட்டத்தை இன்னொரு பேருக்கு அனுப்பணுமா?"

"ரெண்டே நாளுக்குத்தான்."

"ஒண்ணும் வேணாம். முழுசையும் மண்டபத்துக்கு மாத்து. இன்னைக்கே மாத்து."

"மாத்தலாம், மாட்டேங்கல. ஆனா நாம வீடு மாறிட்டோம்னு உலகம் பூரா தெரியணும். இங்க ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும். சில ஊர்ல ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் அவங்க பழைய வீட்டுக் கதவைத்தான் தட்டிட்டிருப்பாங்க. காரியம் முடியட்டும்க்கா, வெள்ளிக்கிழமை மாத்திக்கலாம்."

"நேத்து மாதிரி நாளைக்கும் படுத்துட்டா அந்தப் பையனுக்கு நான் என்னடா பதில் சொல்றது? நீ வந்து சொல்லுவியா?"

பையனுக்காகத்தான் பதறினாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்து வருடத்தில் முதல் தடவையாக ஊரே தன் வெப்சைட்டைப் பற்றிப் பேசுகிறது, அதை விட்டுக்கொடுக்க மனசில்லை என்பதும் இருந்தது. எது எவ்வளவு என்று பிற்பாடு அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்கா பிடித்த பிடியை விடமாட்டாள் என்று ஒயருக்குத் தெரியும். மதியத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டான். அவள் போனில் திறந்தது, கீழே செருப்புக் கடைக்காரர் போனில் திறந்தது, தங்கச்சி வீட்டில் திறந்தது. முன்னைவிட வேகமாகத் திறந்தது.

"எதுக்கும் அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான் ஒயர்.

சாயங்காலம் கேட்டாள். "தம்பி, இப்ப திறக்குதா?"

"சூப்பரா திறக்குதுக்கா. அம்மா போட்டோ தெரியுது. நேரலை இங்கே தொடங்கும்னு போட்டிருக்கு."

அக்காவுக்கு நிம்மதி. நமக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். கூட்டத்தில் பெரும்பாலோர் புது இடத்துக்குப் போய்விட்டதால் பழைய வீடான அந்த சர்வரும் இப்போது காலியாகக் கிடந்தது, அதுவும் சூப்பராகத்தான் திறக்கும். அங்கேயும் அதே அம்மா, அதே போட்டோ, அதே வரி. லாரிக்காரன் தட்டிக்கொண்டிருந்தது பழைய கதவு. இது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் இல்லாத ஒயருக்கும் தெரியாது.

வியாழன் பத்தே காலுக்கு வண்டி வந்தது. மின்மயானக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில்கூட ஆளில்லை. ஊழியர்கள் இரண்டு பேர் அம்மாவைக் கொண்டுவந்து மேடையில் வைத்து, முகத்துத் துணியை விலக்கிவிட்டு, வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அக்கா ஸ்டாண்டை நட்டு, படத்தை ஓடவிட்டு, லிங்கை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினாள். இடம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்று தன் சொந்த போனின் ஒலியை அணைத்தாள். பிறகு ஸ்டாண்டைக் கையிலெடுத்து, மேடைக்கு ஓரடி தூரத்தில், முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வலது கையில் படம் பிடிக்கும் போன். இடது கையில் ஒயர் கொடுத்துவிட்டுப் போன பழைய டேப்லெட். வெப்சைட்டில் இந்த நிமிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதில் ஓர் எண் ஓடும். ஆயிரத்து எண்ணூறு. இரண்டாயிரத்து நூறு. மாஸ்டருக்காகக் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. எண் ஏற ஏற அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதோ இப்போது விழும், இதோ விழும் என்று பார்த்தாள். விழவில்லை. இரண்டாயிரத்து அறுநூறிலும் வெப்சைட் கல்லுமாதிரி நின்றது. யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்ட அதிலேயே இன்னொரு பொத்தான் இருந்தது. அவள் அதை அழுத்தவில்லை.

இருபது நிமிடம் முடிந்தது. ஊழியர் மணிக்கட்டைக் காட்டினார். அம்மா உள்ளே போனார், கதவு மூடியது. அக்கா வெளியே வந்து போனைப் பார்த்தாள். லாரிக்காரனிடமிருந்து மூன்று அழைப்புகள். அழுதுகொண்டு கூப்பிட்டிருப்பான், பாவம் என்று நினைத்தாள். திரும்பக் கூப்பிட்டாள்.

"தம்பி! பாத்தியாப்பா? ரொம்ப கிட்டக்க போய் நின்னு காட்டினேன்ப்பா. படம் ஒரு தடவைகூட நிக்கல. நல்லா தெரிஞ்சுதா அம்மா முகம்?"

எதிர்முனையில் லாரி எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரிஞ்சுதுக்கா. ரொம்ப நன்றிக்கா."

அன்று பிற்பகல் மாஸ்டருடைய அடக்கமும் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. வீதியில் நாலு பேர் நிறுத்திப் பாராட்டினார்கள். ஒயருக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை மாத்தலாம்னியேடா மண்டு" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஒயர் பழைய ஹோஸ்டிங்கை முடித்துக்கொடுக்க வந்தான். அழிப்பதற்கு முன் அதில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவன் வழக்கம். ஒரு பக்கத்தைத் திறந்தவன் திரையை நெருங்கிக் குனிந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தான்.

பழைய சர்வரில் இருந்த, லாரிக்காரன் அம்மாவின் பக்கம். லிங்க் புது இடத்தில்தான் ஒட்டப்பட்டிருந்தது, இங்கே இன்னும் காத்திருக்கவும் என்ற அந்த வரியே நின்றது. இரங்கல் பெட்டியில் ஆறு செய்திகள். ஆறும் ஒரே ஆள் எழுதியவை. பக்கத்தில் வியாழக்கிழமைத் தேதியும் நேரமும் இருந்தன.

பத்து இருபத்தெட்டு: "அக்கா வந்துட்டேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்."

பத்து முப்பத்தாறு: "இன்னும் ஆரம்பிக்கலையா அக்கா? இங்க போட்டோதான் தெரியுது."

பத்து நாற்பத்தொன்று: "போன் பண்ணேன், நீங்க வேலையா இருப்பீங்க. பரவால்ல. நான் பாத்துட்டேதான் இருக்கேன்."

பத்து நாற்பத்தேழு: "அக்கா ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. நெட்டு சரியாயிடும். உள்ள அனுப்பிட வேணாம்னு சொல்லுங்க."

பத்து ஐம்பத்திரண்டு: "அக்கா"

கடைசிச் செய்தி பதினொன்றரைக்கு. அவள் அவனோடு பேசி முடித்ததற்குப் பிறகு எழுதியது. "அம்மா, நான் இங்கயேதான்மா இருந்தேன்."

ஒயர் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கு நான் புது இடத்துல ஒரு அடையாளம் வெச்சு, அது தெரியுதான்னு கேக்கச் சொல்லியிருக்கணும்க்கா. திறக்குதான்னு மட்டும் கேக்கச் சொன்னேன். என் தப்பு."

"நீ வேணாம்னுதான்டா சொன்னே" என்றாள் அக்கா. பொங்கிக்கொண்டு வந்த அழுகையை வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆயிரம் சாவுக்கு நோட்டீஸ் போட்டவள், அந்த அறையில் ஒருநாளும் அழாதவள், அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒயர் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

பிறகு கூப்பிட்டாள். லாரிக்காரன் உடனே எடுத்தான்.

"தம்பி, அன்னைக்கு நீ பாக்கலல்ல?"

"யாருக்கா சொன்னது?"

"நீ எழுதுனதை இப்பதான் பாத்தேன்."

அவன் பெருமூச்சு விட்டான். "நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்கக்கா. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"என்னை நாலு வார்த்தை திட்டிடு தம்பி. ரிப்பேர்க்காரப் பையன் வேணாம் வேணாம்னு சொல்லியும் நான்தான் சைட்டை வேற இடத்துக்கு மாத்தச் சொன்னேன். அந்தப் படத்தைப் பதிவு பண்ணியாவது வெச்சிருக்கலாம், அதையும் வெக்கல. உங்கம்மாவுக்கும் உனக்கும் நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"விடுங்கக்கா. வேணும்னா பண்ணீங்க?" கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. நீங்க பக்கத்துலயே நின்னீங்கல்ல. அம்மா எப்படி இருந்தாங்க?"

அக்கா கண்ணை மூடி யோசித்தாள். கூடம் நினைவுக்கு வந்தது. காலி நாற்காலிகள் வந்தன. டேப்லெட்டில் ஓடிய எண்கள் ஒவ்வொன்றும் வந்தன, ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்து நூறு, இரண்டாயிரத்து அறுநூறு. ஓரடி தூரத்தில் இருபது நிமிடம் இருந்த முகம் மட்டும் வரவில்லை. நெற்றி எப்படி, வாய் மூடியிருந்ததா, முடியை யாராவது வாரிவிட்டிருந்தார்களா, ஒன்றுமே தெரியவில்லை.

தூங்குகிற மாதிரி இருந்தார் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தன்மேல் இரக்கப்பட்டு ஏற்கெனவே ஒரு பொய்யை அவன் சொல்லிவிட்டான். அவனுக்குப் பதிலுக்கு இன்னொரு பொய்யைக் கொடுக்க அவளால் முடியவில்லை.

"நான் பாக்கலப்பா" என்றாள். "சைட்டு தாங்குதா தாங்குதான்னு அந்த நம்பரையே பாத்துட்டு நின்னுட்டேன்."

எங்கோ தூரத்தில் ஏதோ வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அங்க வேற யாரு இருந்தாங்கக்கா?"

"யாரும் இல்லப்பா. நான் மட்டுந்தான்."

"அப்ப எங்கம்மாவ யாருமே பாக்கலியாக்கா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவனும் வைக்கவில்லை.